ஆறு ஏன் நேராகப் போவதில்லை?



பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலம். ஏழாம் வகுப்பில் சமூக அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நீலச் சாக்பீஸால் ஓர் ஆறு வரைந்தேன். மலையில் பிறந்து, சமவெளியில் பாம்பு போல வளைந்து வளைந்து, கடைசியில் கடலில் சேரும் ஆறு. "சமவெளியில் ஆறு வளைந்து நெளிந்து ஓடும்" என்று சொல்லி, எல்லோரையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"ஆறு ஏன் டீச்சர் வளைஞ்சு போகுது? நேரா போனா சீக்கிரமா கடலுக்குப் போயிடலாமே?"

வகுப்பே சிரித்தது. எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "முதல்ல பாடத்தை எழுதுடா" என்று உட்கார வைத்துவிட்டேன்.

அவன் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்களுடைய தென்னந்தோப்பு ஆறு திரும்பும் இடத்தில் இருந்தது. அந்த மழையில் கரை இடிந்து இரண்டு தென்னை மரங்கள் ஆற்றோடு போய்விட்டன. ஆனால் எதிர்க்கரையில் ஒரு பிடி மண்கூடக் குறையவில்லை. அங்கே புதிதாக மணல் மேடுதான் வளர்ந்திருந்தது. "எங்கள் பக்கம் மட்டும் ஏன்?" என்பதுதான் அவன் மனத்தில் இருந்த கேள்வி.

ஓய்வு பெற்ற பிறகு நிறையப் படிக்க நேரம் கிடைத்தது. அவன் கேட்ட அந்தக் கேள்வியையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் அறிந்துகொண்டேன். அவர்களைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

நீளமான பெயர், சுவையான வேலை!

பூமியின் மேற்பரப்பில் மலை, பள்ளத்தாக்கு, மணல்மேடு எல்லாம் எப்படி உருவாகின்றன என்று ஆராயும் படிப்புக்குப் புவிப்புறவியல் என்று பெயர். அதில் ஆறுகளை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு ஆராய்பவர் ஆற்றுப் புவிப்புறவியல் நிபுணர். ஆங்கிலத்தில் 'ஃப்ளூவியல் ஜியோமார்ஃபாலஜிஸ்ட்'. சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்! நாம் சுருக்கமாக 'ஆற்று நிபுணர்' என்று வைத்துக்கொள்வோம்.

மருத்துவர் நாடி பிடித்துப் பார்க்கிறார் அல்லவா? ஆற்று நிபுணரும் அப்படித்தான். ஆறு எவ்வளவு தண்ணீரைக் கொண்டுவருகிறது, எவ்வளவு மணலைச் சுமக்கிறது, எந்தக் கரையை அரிக்கிறது, எந்தக் கரையில் சேர்க்கிறது, நூறு ஆண்டுகளுக்கு முன் எங்கே ஓடியது, இனி எந்தப் பக்கம் நகரும் என்றெல்லாம் பார்த்துச் சொல்கிறார். பாலம் கட்டும் முன், அணை கட்டும் முன், மணல் அள்ளும் முன், கெட்டுப்போன ஆற்றைச் சரிசெய்யும் முன் இவரைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் என்ன ஆகும்? அதையும் சொல்கிறேன். முதலில் அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம்.

தேநீர்க் கோப்பையில் ஓர் ஆறு

ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சிட்டிகை கழுவிய மணலைப் போடுங்கள். கரண்டியால் வட்டமாக நன்றாகக் கலக்கிவிட்டு, கரண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். மணல் எங்கே போய்ச் சேரும்? சுற்றும் பொருள் வெளிப்பக்கமாகத்தானே ஓடும்? அப்படியானால் மணல் டம்ளரின் ஓரத்தில்தான் சேரும் என்று நினைப்பீர்கள்.

செய்து பாருங்கள். மணல் அடியில், நட்ட நடுவில் குவியும்!

தேநீர்க் கோப்பையில் தேயிலையும் இப்படித்தான் நடுவில் சேரும். இதற்கு விளக்கம் சொன்னவர் யார் தெரியுமா? ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்! அவர் 1926-ஆம் ஆண்டு ஆறுகள் ஏன் வளைகின்றன என்பதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அதில் தேயிலையைத்தான் உதாரணம் காட்டினார்.

அவருடைய விளக்கம் இதுதான். சுற்றும்போது தண்ணீர் வெளிப்பக்கமாகத் தள்ளப்படுகிறது. அதனால் ஓரத்தில் தண்ணீர் சற்று உயர்ந்து நிற்கிறது. ஆனால் அடித்தண்ணீர் டம்ளரின் அடியில் உராய்வதால் வேகம் குறைந்துவிடுகிறது. ஓரத்தில் உயர்ந்து நிற்கும் தண்ணீர் அந்த மெதுவான அடித்தண்ணீரை நடுப்பக்கம் அழுத்தித் தள்ளுகிறது. அது மணலையும் இழுத்துக்கொண்டு நடுவே வருகிறது. மேல் தண்ணீர் வெளியே போகும், அடித்தண்ணீர் உள்ளே வரும்.

இப்போது டம்ளரை விட்டுவிட்டு ஆற்றுக்கு வாருங்கள். ஆறு திரும்பும் இடத்தில் இதே கதைதான் நடக்கிறது. வேகமான மேல் தண்ணீர் வளைவின் வெளிப்பக்கக் கரையில் போய் மோதிக் குடைகிறது. அடித்தண்ணீர் மணலை இழுத்து உள்பக்கக் கரையில் போடுகிறது. வெளிக்கரை அரிய அரிய, உள்கரை வளர வளர, வளைவு இன்னும் பெரிதாகிறது. சின்னதாக ஒரு கல்லோ மரமோ தண்ணீரைக் கொஞ்சம் திருப்பிவிட்டாலும் போதும், வளைவு தொடங்கிவிடும்.

அந்தப் பையனின் தோப்பு வெளிக்கரையில் இருந்தது. எதிர்வீட்டார் நிலம் உள்கரையில் இருந்தது. அவ்வளவுதான் காரணம். ஆறு ஓரவஞ்சனை செய்யவில்லை!

வளைவு அதிகமாகி, அதன் இரண்டு முனைகளும் நெருங்கி வந்துவிட்டால், ஒரு வெள்ளத்தில் ஆறு குறுக்கே பாய்ந்துவிடும். பழைய வளைவு தனித்துவிடப்பட்டுக் குளமாகிவிடும். குதிரைக் குளம்பு ஏரி என்று நீங்கள் பாடத்தில் படிப்பது இதைத்தான்.

இன்னொரு செய்தி. ஐன்ஸ்டீனின் மூத்த மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன், ஆற்றின் அடியில் மணலும் கூழாங்கல்லும் எப்படி நகர்கின்றன என்பதையே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்தார். அப்பா நட்சத்திரங்களைப் பற்றி யோசித்தார், மகன் ஆற்று மணலைப் பற்றி யோசித்தார்!

கொல்லிமலைப் பாதையும் ஆறும்

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஏன் நேராகச் சாலை போடவில்லை? போட்டால் சரிவு செங்குத்தாகிவிடும். இறங்கும் பேருந்து நிற்காது! வளைவுகள் பாதையை நீளமாக்கிச் சரிவைக் குறைக்கின்றன.

ஆற்றின் வளைவும் இதே வேலையைச் செய்கிறது. வழி நீளமாகும்போது சரிவு குறைகிறது, தண்ணீர் நிதானமாகப் போகிறது. வளைவுகளை வெட்டி நேராக்கினால், அதே இறக்கத்தை ஆறு குறைந்த தூரத்தில் இறங்க வேண்டும். வேகம் கூடும். வேகம் கூடினால் அரிப்பும் கூடும்.

இதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் பிளாக்வாட்டர் என்று ஓர் ஆறு. வெள்ளம் வயலில் ஏறாமல் இருக்கட்டும் என்று 1910-ஆம் ஆண்டு அதன் ஒரு பகுதியை வெட்டி நேராக்கினார்கள். சரிவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஆறு தன் அடியைக் குடைந்தது, கரைகளைத் தின்றது, ஆண்டுக்கு ஆண்டு அகலமாகிக்கொண்டே போனது. பாலங்கள் இடிந்தன. புதிதாக நீளமான பாலங்கள் கட்ட வேண்டியதாயிற்று. வயலைக் காப்பாற்ற வெட்டிய கால்வாய் வயல் மண்ணையே கொண்டுபோனது!

166 கிலோமீட்டர் ஆறு 90 கிலோமீட்டர் ஆன கதை

இதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென்கோடியில் ஃபுளோரிடா மாநிலம் இருக்கிறது. அங்கே கிஸ்ஸிமி என்று ஓர் ஆறு. கிஸ்ஸிமி ஏரியில் புறப்பட்டு ஓகீசோபி என்ற பெரிய ஏரியில் சேரும். அது வளைந்து வளைந்து 166 கிலோமீட்டர் ஓடியது. மழைக்காலத்தில் கரை தாண்டி, இரண்டு பக்கமும் இருந்த தாழ்வான நிலத்தில் மெல்லப் பரவும். அந்த வெள்ளச் சமவெளியில் நாணலும் புல்லும் வளர்ந்தன. மீன்கள் அங்கே குஞ்சு பொரித்தன. குளிர்காலத்தில் வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்தன.

1947-ஆம் ஆண்டு அந்தப் பகுதியை இரண்டு புயல்கள் தாக்கின. எங்கும் வெள்ளம். வீடுகளும் பண்ணைகளும் மூழ்கின. "இனி இப்படி நடக்கக் கூடாது, எங்களைக் காப்பாற்றுங்கள்" என்று மக்கள் கேட்டார்கள். அதில் என்ன தவறு? நாமாக இருந்தாலும் அதைத்தானே கேட்டிருப்போம்!

அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை வேலையில் இறங்கியது. 1962 முதல் 1971 வரை, வளைந்து ஓடிய ஆற்றின் குறுக்கே நேராக ஒரு கால்வாயை வெட்டினார்கள். நீளம் 90 கிலோமீட்டர். ஆழம் 9 மீட்டர். அகலம் சுமார் 90 மீட்டர். அதற்கு 'சி-38' என்று பெயர். ஆறு என்ற பெயர் போய் எண் வந்துவிட்டது பாருங்கள்! நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்த இடையிடையே மதகுகள் கட்டினார்கள். படிக்கட்டு போல ஐந்து நீளமான குட்டைகள் உண்டாயின.

நினைத்தது நடந்தது. வெள்ளம் கட்டுக்குள் வந்தது. ஆனால் நினைக்காததும் நடந்தது.

கால்வாய்க்கு இரண்டு பக்கமும் பழைய ஆற்றின் வளைவுகள் துண்டு துண்டாகக் கிடந்தன. அவற்றில் ஓட்டம் இல்லை. தண்ணீர் தேங்கிச் செடிகள் அடைத்துக்கொண்டன. அழுகிய இலைகள் வெள்ளை மணல் மீது கறுப்புச் சேறாகப் படிந்தன. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தது, மீன்கள் குறைந்தன. வெள்ளச் சமவெளி காய்ந்து மாட்டு மேய்ச்சல் நிலமானது. குளிர்காலத்தில் வரும் நீர்ப்பறவைகள் எவ்வளவு குறைந்தன தெரியுமா? 92 சதவீதம்! நூறு பறவை வந்த இடத்தில் எட்டுப் பறவை.

கால்வாய் வேலை முடிந்த சூட்டோடு சூடாகவே, "எங்கள் ஆற்றைத் திருப்பித் தாருங்கள்" என்ற குரல் எழுந்துவிட்டது.

ஆற்றை வாசித்தவர்கள்

ஆற்றைத் திருப்பித் தருவது என்றால் என்ன? எங்கே, எவ்வளவு அகலத்தில், எந்த வளைவில் ஓட விடுவது? கண்ணை மூடிக்கொண்டு தோண்ட முடியுமா? இங்கேதான் ஆற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

1984-ஆம் ஆண்டு ஒரு சிறிய சோதனை தொடங்கியது. கால்வாயின் குறுக்கே மூன்று இடங்களில் தடுப்பு போட்டு, தண்ணீரைப் பழைய வளைவுகளுக்குத் திருப்பினார்கள். ஓடும் தண்ணீர் பட்டதும் சேறு கரைந்து அடியில் பழைய மணல் தெரிய ஆரம்பித்தது. ஆறு சாகவில்லை, தூங்கிக்கொண்டுதான் இருந்தது!

அடுத்து, பெர்க்லியில் ஆற்றின் சிறிய மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். ஆமாம், ஹான்ஸ் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் பாடம் நடத்திய அதே பல்கலைக்கழகத்தில்தான்! அதில் தண்ணீரை ஓடவிட்டுப் பல வழிகளைச் சோதித்தார்கள். தடுப்புகள் மட்டும் போட்டால் போதுமா? அங்கங்கே மண்ணால் அடைத்தால் போதுமா? போதாது என்று தெரிந்தது. கால்வாயின் ஒரு நீண்ட பகுதியைத் தொடர்ச்சியாக மூடினால்தான் ஆறு பழையபடி ஓடும், வெள்ளச் சமவெளியிலும் பரவும்.

1992-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. 1999-ஆம் ஆண்டு கால்வாயை மூடும் வேலை தொடங்கியது. எந்த மண்ணால் மூடினார்கள்? கால்வாய் வெட்டியபோது தோண்டிக் கரையில் குவித்திருந்த அதே மண்ணால்தான்! இரண்டு மதகுகளை இடித்தார்கள். தண்ணீர் பரவ இடம் வேண்டும் என்று ஆற்றோரமும் ஏரியோரமும் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் நிலத்தை வாங்கினார்கள். வேலை 2021-ஆம் ஆண்டு ஜூலையில் முடிந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆற்றைக் கெடுக்க 9 ஆண்டுகள். திருப்பிச் சரிசெய்ய 22 ஆண்டுகள்! செலவு ஏறக்குறைய நூறு கோடி டாலர்.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. சுமார் 70 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு மீண்டும் வளைந்து ஓடுகிறது. சுமார் 100 சதுர கிலோமீட்டர் வெள்ளச் சமவெளிக்கு மீண்டும் தண்ணீர் கிடைக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் கூடியது. வாத்துகளும் கொக்கு இனப் பறவைகளும் திரும்பி வந்தன. வளைவுகளின் உள்பக்கத்தில் மணல் திட்டுகள் மீண்டும் தோன்றின. யாரும் மணல் கொட்டவில்லை. நம் டம்ளரில் நடந்தது அங்கேயும் நடந்தது, அவ்வளவுதான்!

ஆனால் ஒன்று, குழந்தைகளே. ஆறு முழுவதும் திரும்பவில்லை. 90 கிலோமீட்டர் கால்வாயில் சுமார் 35 கிலோமீட்டரைத்தான் மூட முடிந்தது. மீதியை மூடினால் அங்கே குடியிருப்பவர்களுக்கு வெள்ள ஆபத்து வரும். அதனால் மேல் பகுதியும் கீழ்ப் பகுதியும் இன்றும் கால்வாய்தான். சில தவறுகளைப் பாதிதான் அழிக்க முடியும். வெட்டும் முன் யோசிக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அவர் பையில் என்ன இருக்கும்?

ஆற்று நிபுணர் ஒருநாள் வேலைக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பையில் என்னென்ன இருக்கும்? அளவு நாடா, மட்டம் பார்க்கும் கருவி, குறிப்பு நோட்டு, பழைய வரைபடங்கள், விமானத்திலிருந்தும் செயற்கைக்கோளிலிருந்தும் எடுத்த படங்கள். காலில் முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ்.

முதல் வேலை, பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது. ஐம்பது ஆண்டுகளில் ஆறு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்து, ஒரு கரையிலிருந்து மறு கரை வரை நாடாவைக் கட்டி, இடையிடையே ஆழத்தை அளப்பார். அதைத் தாளில் வரைந்தால் ஆற்றின் குறுக்கு வெட்டுத் தோற்றம் கிடைக்கும். ஆண்டுதோறும் அதே இடத்தில் அளந்தால், ஆறு ஆழமாகிறதா, மேடாகிறதா என்று சொல்லிவிடலாம்.

கூழாங்கல் ஆறுகளில் இன்னொரு வேடிக்கையான வேலை உண்டு. கார்டன் வோல்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1954-ஆம் ஆண்டு சொல்லித்தந்த முறை அது. ஆற்றின் குறுக்கே நடந்துகொண்டே, கீழே பார்க்காமல் குனிந்து, விரலில் முதலில் படும் கல்லை எடுக்க வேண்டும். அளந்து எழுத வேண்டும். இப்படி நூறு கல்! பார்த்து எடுத்தால் அழகான கல்லாகத்தானே எடுப்போம்? அதனால்தான் பார்க்கக் கூடாது. கற்களின் அளவிலிருந்து அந்த ஆற்றுக்கு எவ்வளவு கல்லைத் தள்ளும் பலம் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

வோல்மனின் நண்பர் லூனா லியோபோல்ட். இருவரும் பல ஆறுகளை அளந்து ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். ஒரு வளைவிலிருந்து அதே மாதிரியான அடுத்த வளைவு வரை உள்ள தூரம், பெரும்பாலும் ஆற்றின் அகலத்தைப் போல 10 முதல் 14 மடங்கு இருக்கிறது. சின்ன ஓடைக்குச் சின்ன வளைவு, பெரிய ஆற்றுக்குப் பெரிய வளைவு. அளவெடுத்துச் சட்டை தைத்த மாதிரி!

மணலுக்கும் கணக்கு உண்டு

ஆறு என்றால் தண்ணீர் மட்டும் இல்லை. தண்ணீரும் மணலும் சேர்ந்ததுதான் ஆறு. தராசின் ஒரு தட்டில் தண்ணீரும் சரிவும், இன்னொரு தட்டில் மணலும் கல்லும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் ஆறு அமைதியாக இருக்கும்.

அளவுக்கு மீறி மணலை அள்ளினால் என்ன ஆகும்? அணை கட்டி மணலை மேலேயே தடுத்துவிட்டால் என்ன ஆகும்? தண்ணீருக்குச் சுமக்க மணல் இல்லை. அதற்குப் பசி எடுத்துவிடும்! நிபுணர்களே அதைப் 'பசித்த நீர்' என்றுதான் சொல்கிறார்கள். அது தன் அடியையும் கரையையும் தின்ன ஆரம்பிக்கும். ஆற்றுப் படுகை தாழும். பாலத்தின் தூண்கள் வேர் தெரியும் மரம் போல நிற்கும். பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும்.

அதனால் எவ்வளவு மணல் வருகிறது, எவ்வளவு எடுத்தால் ஆறு தாங்கும், எங்கே எடுக்கவே கூடாது என்று அளந்து சொல்வதும் ஆற்று நிபுணரின் வேலை. சில சமயம் அவர் "கூடாது" என்று சொல்ல வேண்டியிருக்கும். கேட்பவர்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்ல வேண்டும். அளவு நாடாவோடு கொஞ்சம் துணிச்சலும் தேவைப்படும் வேலை இது!

இதற்கு என்ன படிக்க வேண்டும்?

பள்ளியில் கணக்கு, அறிவியல், புவியியல் மூன்றையும் விரும்பிப் படியுங்கள். கல்லூரியில் புவியியல், நிலவியல், சிவில் இன்ஜினீயரிங் இவற்றில் ஒன்றை எடுக்கலாம். பிறகு மேல்படிப்பில் நீரியல், புவிப்புறவியல், செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வு ஆகியவற்றைப் படிக்கலாம்.

நம் நாட்டில் மத்திய நீர் ஆணையம் ஆறுகளை அளந்து வருகிறது. புணே அருகே கடக்வாஸ்லாவில் 1916-ஆம் ஆண்டு தொடங்கிய மத்திய நீர், மின்சார ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஆறுகளுக்கும் அணைகளுக்கும் மாதிரிகள் கட்டிச் சோதிக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் சென்னைக்கு அருகே பூண்டியிலும் அரசின் நீரியல் ஆய்வு நிலையம் உண்டு.

நீங்களும் ஆற்றை வாசிக்கலாம்!

வீட்டிலிருந்தபடியே மூன்று வேலைகள் செய்து பாருங்கள்.

1. டம்ளர் சோதனையைச் செய்து, தம்பி தங்கைக்கு விளக்குங்கள்.

2. வரைபடத்தில் ஓர் ஆற்றின் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் மேல் ஒரு நூலை வளைத்து வைத்து நீளத்தை அளவுங்கள். பிறகு இரண்டு முனைகளுக்கும் இடையே நேர் தூரத்தை அளவுங்கள். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுங்கள். ஒன்றரைக்கு மேல் வந்தால் அது நன்றாக வளைந்து ஓடும் ஆறு. கிஸ்ஸிமிக்கு 166ஐ 90ஆல் வகுத்துப் பாருங்கள், எவ்வளவு வருகிறது?

3. அடுத்த முறை பாலத்தைக் கடக்கும்போது, வளைவின் எந்தப் பக்கம் கரை செங்குத்தாக இருக்கிறது, எந்தப் பக்கம் மணல் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டும் பாருங்கள்.

ஆனால் ஒரு கண்டிப்பான வார்த்தை. பெரியவர்கள் துணையின்றி ஆற்றில் இறங்காதீர்கள். வெளிக்கரை அடியில் குடைந்திருக்கும். மேலே நின்றால் மண் சரியும். மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்குள் தெரியாது. பார்ப்பது எல்லாம் பாலத்திலிருந்தும் படித்துறையிலிருந்தும் மட்டும்தான்!

கடைசியாக, அந்தத் தென்னந்தோப்பு. இன்று அந்தப் பையன் கேட்டால் நான் இப்படிச் சொல்வேன்: "உங்கள் தோப்பு வெளிக்கரையில் இருக்கிறது, கண்ணு. உங்கள் பக்கம் மட்டும் கற்சுவர் கட்டினால், ஆற்றின் வேகம் அடுத்த வளைவுக்குப் போய்ப் பக்கத்துத் தோப்பைத் தின்னும். கரையோரம் மூங்கிலும் வெட்டிவேரும் நாணலும் நட்டு மண்ணைப் பிடித்து வையுங்கள். கொஞ்சம் இடத்தை ஆற்றுக்கு விட்டு, தென்னையை உள்ளே தள்ளி நடுங்கள். ஆறு நகரும் என்று தெரிந்துவிட்டால் அதோடு வாழ வழி உண்டு."

அவனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவன் பிள்ளைகள்கூட இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் அப்பா எப்போதாவது, "ஆறு ஏன் வளைஞ்சு போகுதுன்னு கேட்டேன், டீச்சர் பதிலே சொல்லலை" என்று சொல்லியிருக்கிறாரா? அப்படியானால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். டீச்சர் தாமதமாகத்தான் படித்தேன், ஆனால் படித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.

நீங்களும் வகுப்பில் ஏதாவது கேட்கத் தோன்றினால், யார் சிரித்தாலும் எழுந்து கேளுங்கள். சரிதானே?